பத்து பெரிங்கி மணலில் கிடந்த தூண்டில் முள்

நேற்று ராத்திரிதான் சுங்கை பட்டாணி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். கார் இருக்கையெல்லாம் மணல். எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. அடங்கும் முன்னே எழுதிவிடுகிறேன்.

ரெண்டு நாள் பினாங்கு. தங்கல் பாயான் லெப்பாஸில் அண்ணி வீட்டில், அதனால் ஹோட்டல் செலவு இல்லை. பெட்ரோல், டோல், சாப்பாடு, படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து 300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) ஒதுக்கியிருந்தோம். முதல் நாள் காலை ஒன்பது மணிக்குள் அதில் 180 வெள்ளி விலங்கு மருத்துவரிடம் போய்விட்டது.

எங்கள் நாய் மணியையும் கூட்டிப் போயிருந்தோம். விடிந்தும் விடியாமலும் பத்து பெரிங்கி கடற்கரையில் இறங்கினோம். நாயோடு போகிறவர்களுக்கு அந்த நேரம்தான் சரி. வெயில் ஏறினால் மணல் அதன் பாதத்தைச் சுட்டுவிடும். ஜெட் ஸ்கீயும் சவாரிக் குதிரைகளும் வந்துவிட்டால் நாய் மிரளும். அப்புறம், பாய் விரித்து உட்காரும் முஸ்லிம் குடும்பங்களை ஈர நாய் உரசினால் அவர்கள் முறைப்படி கழுவிச் சுத்தம் செய்தாக வேண்டும். நம் நாய் செல்லம்தான், அதற்காக அடுத்தவருக்கு ஏன் அந்தச் சங்கடம்? கழுத்துக்கயிறை நான் ஒரு நிமிஷம்கூட விடவில்லை.

கயிறு கையில் இருந்தும் அது நடந்தது. பாறைப் பக்கம் யாரோ ராத்திரி தூண்டில் போட்டுவிட்டு மிச்ச இரையை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். காய்ந்த மீன் துண்டு ஒன்று. மணி மோந்து பார்த்துக் கவ்வியதும் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. மேலுதட்டில் முள் ஏறி வெளியே முனை தெரிகிறது. முள்ளிலிருந்து நைலான் நரம்பு நீண்டு மணலுக்குள் போகிறது. அவன் தலையை உதற உதற அது இன்னும் இறுகுகிறது. வீட்டுக்காரர் அவன் வாயைப் பிடித்துக்கொள்ள, நான் பழம் நறுக்கக் கொண்டு போன கத்தியால் நரம்பை அறுத்தேன்.

"நீங்களே இழுத்துப் பார்க்கலையேம்மா?" இதுதான் அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றதும் பெருமூச்சு விட்டார். முள்ளின் முனைக்குப் பக்கத்தில் எதிர்ப்பக்கமாக ஒரு சின்னப் பல் இருக்கும். பின்னால் இழுத்தால் அது சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அவர் மயக்க ஊசி போட்டு, முனையை முன்பக்கமாகத் தள்ளி, அந்தப் பல்லைக் கத்தரித்த பிறகுதான் மிச்சத்தை உருவினார். கடல் தண்ணீர் குடித்தானா என்றும் கேட்டார். நிறையக் குடித்துவிட்டால் வாந்தி, பேதி, அதற்கு மேலும் போய் உடம்பில் உப்பு ஏறி உயிருக்கே ஆபத்து. நாம் குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போவது போல நாய்க்கும் ஒரு பாட்டில் கட்டாயம் என்றார். கரை ஒதுங்கிய பேத்தை மீன் கண்ணில் பட்டால் நாயைத் தள்ளி இழுத்துவிட வேண்டும், அது கொடிய விஷம். ஜெல்லி மீன் செத்துக் கிடந்தாலும் கொட்டும்.

மறுநாள் மணியை அண்ணியிடம் விட்டுவிட்டு, நானும் மகளும் மட்டும் 102 பேருந்தில் தெலுக் பஹாங் போனோம். போகும் இடம் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பந்தாய் கெராச்சுட் கடற்கரை. ஆமை முட்டையிடும் கரைக்கு நாயைக் கொண்டு போவதே தப்பு. மோப்பம் பிடித்தால் குழியைத் தோண்டாமல் விடாது.

படகுத்துறையில் ஒரு படகுக்காரர் போய்வர 200 வெள்ளி என்றார். பத்தடி தள்ளி நின்றவர் அதே படகு, அதே தூரத்துக்கு 130. ஆள் பார்த்து விலை சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. போகும்போது காட்டு வழியாக நடந்தோம். மூன்று கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் இறக்கம், ஒன்றரை மணி நேரம். காசு மிச்சம், காடும் அருமை. திரும்பும்போது மட்டும் ரெண்டாமவர் படகில் 70 வெள்ளி. மூச்சு விட மேலே வரும் ஆமையைப் படகின் விசிறி வெட்டிவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், "பெலான் பெலான், பாங்" (மெதுவா, மெதுவா அண்ணே) என்றேன். முகம் சுளிக்காமல் வேகத்தைக் குறைத்தார்.

கெராச்சுட்டில் ஒரு ஏரி இருக்கிறது. மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆனால் என் மனசு முழுக்க ஆமைக் காப்பகத்தில்தான் நின்றுவிட்டது.

ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை பச்சை ஆமைகள், செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை பங்குனி ஆமைகள். ஒரு தாய் ஒரு தடவைக்கு நூறு முட்டை போல இடும். எடுத்து வேலிக்குள் புதைத்துக் காக்கிறார்கள். சுமார் ரெண்டு மாதத்தில் பொரிக்கும். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள், குளிர்ந்திருந்தால் ஆண். தொட்டியில் நீந்திக்கொண்டிருந்த குஞ்சு ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கும். அதில் ஒன்று சுவரில் முட்டி முட்டி, முன்துடுப்பை அடித்துக்கொண்டே இருந்தது. "அதுக்குக் கடல் எந்தப் பக்கம்னு தெரியுதும்மா" என்றாள் மகள். தொடாதே என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தாள். ராத்திரியில் பொரித்து வரும் குஞ்சு வெளிச்சமான திசையைத்தான் கடல் என்று நம்பி நகரும். விளக்குகள் பளபளக்கும் கரையில் பிறந்தால் அது எங்கே போய்ச் சேரும்?

வெளியே வந்து கரையோரம் நடந்தபோது மகள்தான் முதலில் பார்த்தாள். அதே நைலான் நரம்பு, கடற்பாசியோடு சிக்கிச் சுருண்டு கிடந்தது. பக்கத்தில் தேத்தண்ணி கட்டிக் கொடுக்கும் பிளாஸ்டிக் பை, அதான் தாப்பாவ் பை, ஒன்று, கட்டிய ரப்பர் வளையத்தோடு. தண்ணீரில் மிதந்தால் அது ஜெல்லி மீன் போலவே இருக்கும். ஆமை விழுங்கிவிடும். 2011 முதல் எந்த நாளும் கடையில் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைக்காத மாநிலம் இது. அப்படியும் தாப்பாவ் பை கரைக்கு வந்துவிடுகிறது. தூண்டில் போடுகிறவர்களே, அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொள்ள ஒரு நிமிஷம் ஆகுமா? அது மக்கிப் போக நூற்றுக்கணக்கான வருஷம் ஆகும். அதுவரை நாய், ஆமை, கடற்பறவை என்று எது காலை வைத்தாலும் மாட்டும்.

கையில் அள்ளியதை எல்லாம் பையில் கட்டிப் படகில் ஏற்றிவந்தோம். தெலுக் பஹாங்கில் ஒரு கிராமத்துக் கடையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு, மேலே இறால் சம்பல். அந்தச் சம்பலின் காரமும் இனிப்பும் இன்னும் நாக்கில் நிற்கிறது. ரெண்டு பேருக்கும் சேர்த்து 14 வெள்ளிதான். தண்ணீருக்கு வீட்டுப் பாட்டில் இருந்தது, உறிஞ்சுகுழல் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

மொத்தச் செலவு 410 வெள்ளி. மணியின் உதட்டு வீக்கம் வற்றிவிட்டது, மாத்திரை இன்னும் மூன்று நாளைக்கு இருக்கிறது. டாக்டரம்மா தந்த முள்ளை மகள் ஒரு குப்பியில் போட்டு, பள்ளிக்கூடத்தில் காட்ட எடுத்து வைத்திருக்கிறாள்.