கேலினாவின் பழைய தரை

இல்லினாய் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாகக் கிடக்கும் சோளக்காடு. அதன் வடமேற்கு மூலையில் இருக்கும் ஜோ டேவிஸ் கவுண்டி அப்படி இல்லை. பனியுகத்தில் சுற்றுவட்டாரத்தையெல்லாம் பனிப்பாறைகள் வழித்துவிட்டுப் போனபோது இந்தப் பகுதி தப்பித்துக்கொண்டது. குன்றும் பள்ளத்தாக்கும் அப்படியே நின்றுவிட்டன. மாநிலத்தின் மிக உயரமான இயற்கை மேடான சார்லஸ் மவுண்ட், 1,235 அடி, இங்கேதான் இருக்கிறது. கவுண்டியின் தலைமையிடம் கேலினா. இன்று சுமார் 3,300 பேர் வாழும் ஊர். ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறஏற ஒவ்வொரு தெருவும் ஒரு படி உயரத்தில் இருக்கும். பழைய உயர்நிலைப் பள்ளிக்கு ஏற இருநூற்றுக்கும் மேற்பட்ட படிகள்.

மண் ஆய்வு செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் எனக்கு வேலை. பாலமோ சாக்கடைக் குழாயோ, எது வருவதாக இருந்தாலும் முதலில் நாங்கள் போய் போர் போட்டு, மாதிரி எடுத்து, எத்தனை அடியில் என்ன மண் என்று எழுதித் தர வேண்டும். கேலினா ஆற்றையொட்டிய தாழ்வான நிலத்தில் வேலை செய்த நாட்கள்தான் அந்த ஊரை எனக்குப் புரியவைத்தன.

மாதிரிக் குழாயைப் பிரித்து வைத்தால் மேலே வெளிர் பழுப்பு வண்டல். ஈரமாக இருக்கும், விரலுக்கிடையில் நசுக்கினால் மாவாகப் பிசுபிசுக்கும். பல அடிக்கு இதே மண்தான், நடுநடுவே மெல்லிய மணல் கோடுகள். பிறகு சட்டென்று நிறம் மாறும். கன்னங்கரேலென்று, மணிமணியாக உதிரும் மண், அதில் மக்கிப்போன வேர்த் தடங்கள். "பழைய தரை வந்துடுச்சு" என்பார் எங்கள் டிரில்லர். பக்கத்து ஊர்க்காரர், விவசாயக் குடும்பம். ஐரோப்பியர்கள் வந்து குடியேறும்வரை சூரிய வெளிச்சம் பட்டுக்கொண்டிருந்த தரை அது.

இந்த மலைகளில் ஈயம் இருப்பது மெஸ்க்வாக்கி, சாக், ஹோ-சங்க் பழங்குடி மக்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். தோண்டி, உருக்கி, வியாபாரமும் செய்தார்கள். 1820களில் வெள்ளையர்கள் கூட்டமாக வந்து இறங்கினார்கள். 1826-இல் ஈயத் தாதுவின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். 1845 வாக்கில் அமெரிக்காவின் ஈயத்தில் சுமார் 80 சதவீதம் இந்த வட்டாரத்திலிருந்தே போனது. மிசிசிப்பியிலிருந்து நீராவிப் படகுகள் ஊருக்குள்ளேயே வந்து சரக்கு ஏற்றின. உலைக்கு விறகு வேண்டும், சுரங்கத்துக்குத் தாங்குமரம் வேண்டும், மலைகள் மொட்டையாயின. பின்னாலேயே ஏர் வந்தது. சரிவில் பிடிமானம் இல்லாத மண் ஒவ்வொரு மழைக்கும் இறங்கி ஆற்றில் சேர்ந்தது. படகுத்துறை தூர்ந்துபோனது.

ரயில் வந்ததால் கேலினா நொடித்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. 1854-இல் வந்த இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை இங்கே முடியாமல் மிசிசிப்பிக் கரையிலுள்ள டன்லீத் வரை போய்விட்டது. ஊரின் பெயரைத் தாங்கிய 'கேலினா அண்ட் சிகாகோ யூனியன்' ரயில் பாதை கடைசிவரை கேலினாவை எட்டவேயில்லை. ஆனால் அந்த வெளிர் வண்டலைக் கையில் எடுத்துப் பார்த்தவனுக்கு ரயில் காரணம் மட்டும் போதாது. ஆற்றை மூடியது மலையிலிருந்து இறங்கிய மண்தான்.

சுற்றுலா வருபவர்கள், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையை நடத்திப் பிறகு அதிபரான யுலிசிஸ் கிரான்ட்டின் வீட்டுக்குப் போவார்கள். நான் போய் நிற்பது தபால் நிலையத்தின் முன்னால். சுண்ணாம்புக் கல்லில் 1857க்கும் 1859க்கும் இடையில் கட்டிய கட்டடம். இன்றும் அங்கே தபால் வாங்கிக் கொடுக்கிறார்கள். அன்று அது சுங்க அலுவலகமும்கூட. துறைமுகம் தூர்ந்துகொண்டிருந்த காலத்தில் துறைமுகத்தை நம்பிக் கட்டியது! வேலையை மேற்பார்த்த அரசுப் பொறியாளர் ஈலி பார்க்கர், செனிகா பழங்குடியைச் சேர்ந்தவர். சட்டம் படித்தும், குடியுரிமை இல்லை என்று வழக்கறிஞராக விடவில்லை, பொறியியலுக்கு வந்தார். 1860-இல் அப்பாவின் தோல் கடையில் வேலைக்கு வந்த கிரான்ட்டோடு இங்கேதான் பழக்கம். 1865-இல் அப்பமாட்டக்ஸில் தெற்குப் படைத் தளபதி லீ கிரான்ட்டிடம் சரணடைந்தபோது நிபந்தனைகளை நகலெழுதிய கை பார்க்கருடையது. என் தொழிலில் எனக்கு முன்னால் அந்த ஊரில் வேலை பார்த்த அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

காசு இல்லாததால் பழைய கட்டடங்களை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லை. அதனால் 19-ஆம் நூற்றாண்டின் செங்கல் வரிசை மெயின் ஸ்ட்ரீட்டில் அப்படியே இருக்கிறது. 1969-இல் வரலாற்றுச் சின்னங்களுக்கான தேசியப் பதிவேட்டில் ஏறியது. தெருவின் முனையில் வெள்ளத்தைத் தடுக்கும் பெரிய இரும்புக் கதவுகள். படகு நுழைய முடியாதபடி சுருங்கிய ஆறு, ஊருக்குள் நுழைந்துவிடாமல் இருக்கத்தான் அவை.

எங்கள் துறையில் இந்த வண்டலை வெறும் 'மென்மையான களிவண்டல்' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது வழக்கம். நான் அதைத் தனி அடுக்காகப் பிரித்து, எந்த ஆழத்தில் பழைய தரை தொடங்குகிறது என்று குறிக்கிறேன். பாரம் ஏற்றினால் அமுங்கும் மண் எது என்று அடுத்து வரும் பொறியாளருக்குத் தெரிய வேண்டும். சுரங்க வட்டாரத்து வண்டலில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், தோண்டியெடுக்கும் மண்ணை எங்காவது கொட்டுவதற்கு முன் சோதிக்கச் சொல்லி அறிக்கையில் ஒரு பத்தியும் சேர்க்கிறேன்.