உடம்பு பெருசா இருக்கறவங்களுக்கு எம்ஆர்ஐ வீல்சேர்: வாங்கறவங்க கவனத்துக்கு

எம்ஆர்ஐ ரூமுக்குன்னு தனியா வீல்சேர் வச்சிருக்கோம்னு சொல்ற ஆஸ்பத்திரியில போய் பாத்தீங்கன்னா பெரும்பாலும் 18 இஞ்ச் சீட்டு தான் இருக்கும், நூறு கிலோ சொச்சம் தாங்கும், அவ்ளோ தான். அதுக்கு மேல வெயிட் இருக்கறவங்க வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா "பெட்ஷீட்ல வச்சு நாலு பேர் தூக்கிடுவோம்"னு சொல்லுவாங்க. நான் எம்ஆர்ஐ டெக்னீஷியன். இந்த பதிலைக் கேட்டு கேட்டு சலிச்சுப்போய் தான் இதை எழுதறேன், பர்ச்சேஸ்ல இருக்கறவங்க யாராவது படிச்சா நல்லது.

எம்ஆர்ஐ மெஷினே ஒரு பெரிய காந்தம், கிட்ட வர்ற இரும்பை இழுத்துடும், அதனால தான் தனி சேர். அந்த காந்தத்தோட பலத்தை டெஸ்லான்னு அளப்பாங்க. 1.5 டெஸ்லா மெஷின்னா பூமியோட காந்தப்புலத்தை விட ஏறக்குறைய 30,000 மடங்கு, 3 டெஸ்லான்னா அதுல டபுள். ஸ்கேன் ஓடலைன்னாலும் ஞாயித்துக்கிழமை லீவுன்னாலும் கரண்ட் போனாலும் அந்த காந்தம் அப்படியே தான் இருக்கும், உள்ள கம்பிச்சுருள் கடுங்குளிரான திரவ ஹீலியத்துல முங்கி கெடக்கு, அந்தக் குளிர்ல மின்தடையே இல்லாததால ஒரு தடவை ஏத்தின கரண்ட் அதுல தானா சுத்திக்கிட்டே இருக்கு. இது தெரியாம எத்தனை பேர் மாட்டியிருக்காங்க. 2014ல நவி மும்பை கார்கர்ல இருக்கற கேன்சர் ஆராய்ச்சி மையத்துல ஆக்சிஜன் சிலிண்டரோட ரெண்டு ஊழியர்கள் மெஷினோட ஒட்டிக்கிட்டு நாலு மணி நேரம் கெடந்தாங்க. 2018 ஜனவரியில மும்பை நாயர் ஆஸ்பத்திரியில சொந்தக்காரங்களுக்கு ஸ்கேன்னு கூட வந்த ஒரு மனுஷன் ஆக்சிஜன் சிலிண்டரை உள்ள எடுத்துட்டுப் போயி உயிரே போச்சு, மெஷின் ஆஃப்ல இருக்குன்னு அங்க சொன்னதா செய்தியில வந்துச்சு.

இப்ப வீல்சேருக்கு வர்றேன். வெயிட்டானவங்களுக்குன்னு விக்கற சாதா வீல்சேர்ல சட்டத்துக்கு, அதாவது ஃபிரேமுக்கு அடியில குறுக்குக்கம்பி டபுளா இருக்கும், பைப்பு தடிமனா இருக்கும், அதாவது மத்த சேரை விட இரும்பு ஜாஸ்தி. எந்த பேஷண்டை சட்டுனு நகத்த முடியாதோ அவங்க கீழ தான் அதிக இரும்பு இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு கேஷுவாலிட்டியிலேருந்து 140 கிலோ பேஷண்ட் ஒருத்தர் வர்றாருன்னு வைங்க, கால்ல பலம் இல்ல, இருக்கற எம்ஆர்ஐ சேர்ல உக்கார முடியல, டூட்டியில ஒரு டெக்னீஷியன் ஒரு அட்டெண்டர், அப்ப வார்டு சேரையே "கதவு வரைக்கும் தானே சார், டேபிள் கிட்ட போக மாட்டோம்"னு யாராவது தள்ளுவாங்க. அந்த இழுப்பு கதவுகிட்ட ஒன்னுமே தெரியாது, ரெண்டு எட்டு வச்சதும் திடீர்னு ஏறும், அப்ப கையில நிக்காது. சரியான சேர் இல்லாத எடத்துல தான் தப்பான சேர் உள்ள வரும், என்னைக் கேட்டா ஸ்டாஃபை திட்டறதை விட சேரை வாங்கி வைக்கறது தான் சேஃப்டி.

அடுத்து, எல்லாரும் சொல்ற "அலுமினியம் தானே, இழுக்காது". சட்டம் அலுமினியம் தான், சரி. சக்கரத்தோட அச்சு? பேரிங்கு? பிரேக்குல இருக்கற ஸ்பிரிங்கு? கால் வைக்கற பலகையோட போல்ட்டு? டீலர் டெமோவுக்கு கொண்டு வர்ற சேரை ரூமுக்கு வெளியவே வச்சு பலமான கைக்காந்தத்தால ஒவ்வொரு திருகா தடவிப் பாருங்க, ஃபிரிட்ஜுல ஒட்டற காந்தம் இதுக்கு பத்தாது. நான் பாத்த ஒரு சேர்ல சட்டம் முழுக்க காந்தம் வழுக்கிக்கிட்டே போச்சு, முன்னாடி சின்ன சக்கரத்துக்கிட்ட வந்ததும் டக்குனு ஒட்டிக்கிச்சு, உள்ள இரும்பு பால் பேரிங். எஸ்எஸ், அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்னு சொன்னாலும் எந்த கிரேடுன்னு எழுதி வாங்குங்க, 304 நல்லது தான், ஆனா வளைச்ச எடத்துலயும் வெல்டிங் வச்ச எடத்துலயும் அதுக்கு லேசா காந்தத் தன்மை வந்துடும், 316 இந்த விஷயத்துல பரவாயில்ல. ஸ்டிக்கரையும் பாருங்க. பச்சை சதுரம்னா உலோகமே இல்லாத பொருளுக்கு, மஞ்சள் முக்கோணம்னா இத்தனை டெஸ்லா வரைக்கும் டெஸ்ட் பண்ணியிருக்கு, இந்த கண்டிஷன்ல யூஸ் பண்ணலாம்னு அர்த்தம், செவப்பு வட்டம்னா உள்ளயே வரக்கூடாது. அலுமினிய சேருக்கு பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வந்தா அந்த டீலர்கிட்ட மத்த எதையும் நம்பாதீங்க.

பிவிசி பைப்ல செஞ்ச சேர் வருது, பைப்பை காந்தம் இழுக்காது, கழுவ சுலபம். ஆனா வெயிட்டானவங்க உக்காந்து ஒரு பக்கமா சாஞ்சு எழுந்திரிக்கறப்ப சாதா பிவிசி சேர் நெளியும், அந்த நெளிசல்லயே அவங்க பயந்துடுவாங்க. அதனால கேட்லாக்ல இருக்கற கிலோ கணக்கோட விட்டுடாதீங்க, கூடுதல் பலம் கொடுத்து செஞ்ச மாடலான்னு கேளுங்க, கைப்பிடியில மொத்த வெயிட்டையும் ஊன்றி எழுந்தா ஜாயிண்ட் அசையுதான்னு நேர்லயே பாருங்க.

அகலம் தான் எல்லாரும் விடற எடம். ஒரு அம்மா வந்திருந்தாங்க, அம்பது வயசு இருக்கும், இடுப்பு வலி. 18 இஞ்ச் சேர்ல எப்படியோ அவங்களை உக்கார வச்சு தள்ளிட்டு வந்துட்டாங்க, எழுந்திரிக்கறப்ப சேரும் கூடவே எழுந்திரிச்சு வருது, ரெண்டு தொடையிலயும் கைப்பிடி அழுத்தின தடம் செவந்து போயிருக்கு. அவங்க அதைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. "மன்னிச்சுக்கோ தம்பி, என்னால உங்களுக்கு ரொம்ப சிரமம்"ங்கறாங்க. அம்மா, சேர் தான் சின்னது, நீங்க எதுக்கு மன்னிப்பு கேக்கணும்னு சொன்னேன். எனக்கு இன்னைக்கும் அது தாங்கல.

உக்காந்திருக்கறப்ப இடுப்பு எங்க ரொம்ப அகலமோ அங்க அளந்து அதுக்கு மேல ஒன்னு ரெண்டு இஞ்ச் விடணும். 24, 26 இஞ்ச் சீட்டெல்லாம் வருது, 200 கிலோவுக்கு மேல தாங்கற மாடல் இருக்கு. ஆனா 26 இஞ்ச் சீட்டுன்னா வெளி அகலம் ரெண்டு பக்கமும் சேத்து இன்னும் ஏழெட்டு இஞ்ச் ஏறும். எம்ஆர்ஐ ரூம் கதவு பெருசா தான் இருக்கும், பிரச்சனை அங்க இல்ல. டிரெஸ் மாத்தற ரூம், டாய்லெட்டு, இதெல்லாம் ரெண்டரை அடி கதவு, அதாவது 30 இஞ்ச். சேர் ஸ்கேன் ரூமுக்குள்ள போகும், டாய்லெட்டுக்குள்ள போகாது! கொட்டேஷன் கேக்கறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துக்கிட்டு லிஃப்டுலேருந்து டேபிள் வரைக்கும் நடந்து ஒவ்வொரு கதவா அளந்துட்டு வாங்க.

கைப்பிடி கழட்டவோ பின்னாடி மடக்கவோ வரணும், இல்லன்னா சேர்லேருந்து டேபிளுக்கு பக்கவாட்டுல நகர முடியாது. சீட்டு உயரமும் டேபிளை முழுசா எறக்கினா வர்ற உயரமும் கிட்டத்தட்ட ஒன்னா இருந்தா பாதி வேலை முடிஞ்சுது. பிரேக்கு ரெண்டு பெரிய சக்கரத்துக்கும் தனித்தனியா, பேஷண்ட் ஊன்றி எழுந்தாலும் நகராத மாதிரி இருக்கணும். சலைன் ஸ்டாண்டும் சிலிண்டர் மாட்டற கூண்டும் சேரோட வந்தா வேண்டாம்னு சொல்லிடுங்க, கூண்டு இருந்தா என்னைக்காவது ஒரு நாள் யாராவது அதுல சிலிண்டரை வச்சுடுவாங்க.

வாங்கினதுக்கப்புறம் சேர் எம்ஆர்ஐ பக்கத்தை விட்டு எங்கயும் போகக்கூடாது. வார்டுக்குப் போச்சுன்னா எங்கயாவது ஒரு போல்ட்டு லூசாகும், மெயின்டனன்ஸ்ல நல்ல எண்ணத்துல தான் ஒரு இரும்பு போல்ட்டைப் போட்டு முறுக்கி விடுவாங்க, அதோட அந்த சேர் கெட்டுச்சு. மடக்க முடியாத மாடலா, ஊருக்கே தெரியற கலர்ல வாங்குங்க. ரிப்பேருக்குப் போய் வந்தா மறுபடி காந்தம் வச்சு பாக்காம உள்ள விடாதீங்க.

இன்னொன்னு, சேர் மட்டும் தாங்கினா போதாது. மெஷினோட டேபிளுக்கும் லிமிட் இருக்கு, இப்ப வர்ற மெஷின் பலதுல 200லேருந்து 250 கிலோ, பழசுல அதை விட கம்மி. பேஷண்ட் உள்ள போற குழாயோட விட்டம் 60 சென்டிமீட்டரா 70ஆங்கறது இன்னும் முக்கியம், வெயிட்டு ஓகேன்னாலும் தோள்பட்டை போகாம திருப்பி அனுப்பறது நடக்குது. அதனால அப்பாயின்ட்மென்ட் போன்லயே எடையும் உயரமும் மரியாதையா கேட்டுடணும், முடியாதுன்னா 70 இருக்கற சென்டர் எதுன்னு அப்பவே சொல்லிடணும், ஆட்டோ பிடிச்சு வந்தப்புறம் இல்ல.

எடைன்னதும், நெறைய பேருக்கு அவங்க எடை தெரியாது, வீட்டு மெஷின் பலது 150 கிலோவோட நின்னுடும். நாங்க எடையை உத்தேசமா போட முடியாது, உடம்புல எவ்வளவு சூடு ஏறலாம்னு மெஷின் கணக்கு போடறதே நாங்க டைப் பண்ற கிலோவை வச்சு தான், படம் தெளிவா தெரிய ஊசியில போடற கான்ட்ராஸ்ட் மருந்தோட அளவும் கிலோ கணக்கு தான். வீல்சேரோடவே ஏத்தி எடை பாக்கற பிளாட்பார்ம் மெஷின் கிடைக்குது, 300 கிலோ வரைக்கும் காட்டும். அதையும் இதே பில்லுல சேத்து கேளுங்க, எம்ஆர்ஐ ரூமுக்கு வெளிய, கதவை சாத்திட்டு எடை பாக்கற மாதிரி ஒரு எடத்துல வைங்க.