உடைந்த பல்லும் செலவுக் கணக்கும்

பல் உடைந்தால் எவ்வளவு செலவாகும் என்று கேட்டால் ஐந்நூறு ரூபாய் என்றும் பதில் வரும், ஐம்பதாயிரம் ரூபாய் என்றும் பதில் வரும். இரண்டுமே பொய்யில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சென்ற ஆண்டு எனது வலது கீழ்க் கடைவாய்ப்பல்லில் நாக்கை ஒட்டிய பக்கம் அப்படியே பெயர்ந்து விழுந்தது. திருச்சி தில்லை நகரிலும் திருவரங்கத்திலும் சில பல் மருத்துவர்களிடம் காட்டி, ஒவ்வொருவரும் சொன்ன சிகிச்சையையும் தொகையையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். முதலில் பார்த்தபோது அத்தொகைகளுக்குள் எந்தத் தொடர்பும் தெரியவில்லை. வரிவரியாக ஒப்பிட்ட பிறகுதான், ஒருவர் சொன்னது அடைப்புக்கு மட்டும், இன்னொருவர் சொன்னது வேர் சிகிச்சைக்கு (ரூட் கெனால்) மட்டும், மூன்றாமவர் சொன்னது பல்லின் மேல் மாட்டும் கேப் வரை எல்லாம் சேர்த்து என்பது விளங்கியது. இங்கே நான் தரும் தொகைகள் திருச்சியில் நான் விசாரித்தவை; சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் இவற்றைவிடக் கூடும், சிறிய ஊர்களில் குறையும்.

செலவைத் தீர்மானிப்பது உடைந்த துண்டின் அளவைவிட, உடைப்பு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதே. பல்லின் மேலே எனாமல், அதற்குள்ளே டென்டின், நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட பற்கூழ் என மூன்று அடுக்குகள் உள்ளன. எனாமல் மட்டும் சில்லுப் பெயர்ந்திருந்தால் வலி இராது; நாக்கில் குத்தும் கூர்மையைத் தேய்த்து மெருகேற்றிவிடுவார்கள், சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். டென்டின் வெளிப்பட்டால் குளிர்ந்த நீர் பட்டதும் சுரீரென்று கூசும், நீரை விழுங்கிய சில நொடிகளில் அடங்கிவிடும். பற்கூழ் வரை போய்விட்டால் உடைந்த இடத்தில் இரத்தப் புள்ளி தெரியலாம்; அல்லது சூடான காபி குடித்த பிறகு வலி நீண்ட நேரம் நீடிக்கும், இரவில் படுத்ததும் தானாகவே தெறிக்கத் தொடங்கும். இந்த மூன்றாம் நிலையில்தான் செலவு ஆயிரங்களுக்குத் தாவுகிறது.

இவற்றில் சேராத ஒன்றும் உண்டு. பல் உடைந்து விழாமல் விரிசல் மட்டும் விட்டிருக்கும். கடிக்கும்போது வலிக்காமல், கடித்ததை விடும்போது மின்னல் போல வலிக்கும். கடைவாய்ப்பற்களில் இத்தகைய விரிசல் பெரும்பாலும் முன்பின்னாக ஓடுவதால் எக்ஸ்ரேயில் தெரிவதில்லை. மருத்துவர் ஒரு சிறிய பிளாஸ்டிக் குச்சியை ஒவ்வொரு பல்முனையின் (மெல்லும் பரப்பிலுள்ள மேட்டின்) மேலும் வைத்துக் கடிக்கச் சொல்லி, எது என்று கண்டுபிடிப்பார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வலிநிவாரணி மட்டும் கொடுத்து அனுப்பினால், விடும்போது வலிக்கிறது என்பதை நாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

டென்டின் வரை உடைந்த பல்லுக்குப் பெரும்பாலும் பல் நிற அடைப்பே போதும். பல்லின் மேற்பரப்பில் பாஸ்போரிக் அமிலத்தைச் சில நொடிகள் தடவிக் கழுவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு உண்டாகும். அதில் பசையும் காம்போசிட் என்ற பிசினும் பற்றிக்கொள்ளும். 1955இல் மைக்கேல் புவனகோர் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் காட்டிய இந்த உத்திதான், அடைப்புக்காக நல்ல பல்லையும் பள்ளம் தோண்டும் பழைய வழக்கத்தைப் பெரிதும் குறைத்தது. காம்போசிட்டை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வோர் அடுக்கையும் நீல ஒளி காட்டி இறுக வைப்பார்கள். அந்த இடத்தில் எச்சில் படாமல் காப்பதே வேலையின் பாதி. ஒரு பல்லுக்கு 800 முதல் 2,000 ரூபாய் வரை கேட்கிறார்கள். ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குப் போடும் வெள்ளைச் சிமெண்ட் அடைப்பு ஈறை ஒட்டிய பல்லின் கழுத்துப் பகுதிக்கும் பால்பற்களுக்கும் ஏற்றது. மெல்லும் பரப்பில் பெரிய உடைப்புக்கு அது தாங்காது.

முன்பல் உடைந்து துண்டு கையில் கிடைத்திருந்தால், அதை எறிந்துவிடாமல் பாலிலோ தண்ணீரிலோ போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். அதே துண்டை அதே பசையால் ஒட்டிவிட முடியும், நிறமும் வடிவமும் வேறு எதிலும் அவ்வளவு பொருந்தி வராது. பைக்கிலிருந்து விழுந்து நிரந்தரப் பல் வேரோடு கழன்று வந்துவிட்டால் அவசரம் இன்னும் கூடுதல். பல்லின் மேற்பகுதியை மட்டும் பிடித்து, வேரைத் தேய்க்காமல், பாலில் போட்டுக்கொண்டு அரை மணி முதல் ஒரு மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தால் திரும்பப் பொருத்த நல்ல வாய்ப்புண்டு. பால்பல் என்றால் திரும்பப் பொருத்தக் கூடாது; உள்ளே வளரும் நிரந்தரப் பல்லுக்கு அது கேடு.

எனது பல்லுக்கு வருகிறேன். அதில் பல ஆண்டுகளுக்கு முன் வைத்த பெரிய வெள்ளியடைப்பு இருந்தது. அடைப்பு அசையாமல் நிற்க, அதைச் சுற்றியிருந்த மெல்லிய சுவர்தான் உடைந்தது. பெரிய அடைப்புள்ள கீழ்க் கடைவாய்ப்பற்களில் நாக்குப் பக்கம் உடைவது பல் மருத்துவர்கள் அடிக்கடி காண்பதாம். இப்படி ஒரு பல்முனையே போய்விட்டால் மறுபடியும் அடைப்பு வைப்பது சில மாதங்களுக்கோ சில ஆண்டுகளுக்கோ தாங்கலாம், ஆனால் மீதிச் சுவர்களும் விரிந்துவிடும் அபாயம் உண்டு. அதனால் பல்லை மேலிருந்து பிடித்துக்கொள்ளும் கேப் வேண்டும் என்பதில் எல்லாரும் ஒத்துப்போனார்கள். வேர் சிகிச்சை வேண்டுமா என்பதில்தான் கருத்து பிரிந்தது. சிலர் எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே வேர் சிகிச்சை என்றார்கள். ஒருவர் மட்டும் குளிரூட்டிய பஞ்சைப் பல்லின் மேல் வைத்து, பக்கத்துப் பல்லோடு ஒப்பிட்டு, தட்டிப் பார்த்து, நரம்பு நன்றாகவே இருக்கிறது, இப்போதைக்குத் தொட வேண்டாம் என்றார். அந்த ஒரு நிமிடச் சோதனை எனது மதிப்பீட்டில் 4,500 ரூபாயைக் குறைத்தது. வேர் சிகிச்சை தேவையா என்று சொல்லும் மருத்துவர், நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று எப்படிப் பார்த்தார் எனக் கேட்பதில் தவறேதும் இல்லை.

வேர் சிகிச்சை தேவைப்படும் பல்லில் அதைத் தவிர்க்க முயல்வதும் வீண். மாத்திரை சாப்பிட்டு வலி அடங்கியது என்றால் பற்கூழ் செத்துப்போயிருக்கலாம். கிருமி வேர் நுனிக்கு இறங்கிக்கொண்டிருக்கும், ஆன்டிபயாட்டிக் அதைத் தற்காலிகமாக அடக்குமே தவிரக் குணமாக்காது. வேர் சிகிச்சையில் பற்கூழை நீக்கி, வேருக்குள் ஓடும் குழாய்களை மெல்லிய கம்பி அரங்களால் சீராக்கி, சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியால் கழுவி, கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் நிரப்புகிறார்கள். முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே குழாய். கடைவாய்ப்பல்லுக்கு மூன்று அல்லது நான்கு. அதனால்தான் முன்பல்லுக்கு 2,500 முதல் 4,000 ரூபாய் எனவும் கடைவாய்ப்பல்லுக்கு 3,500 முதல் 6,000 ரூபாய் எனவும் வேறுபடுகிறது. வேர் சிகிச்சையிலேயே சிறப்புப் படிப்பு முடித்த எம்.டி.எஸ். மருத்துவர் வந்து செய்தால் இன்னும் கூடும். குழாய் வளைந்த பல்லுக்கு அந்தக் கூடுதல் பணம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

விளம்பரப் பலகைகளில் காணும் 'வேர் சிகிச்சை 2,500 மட்டும்' என்பது இந்த ஒரு கட்டத்தின் விலை. அதற்கு மேல் பல்லைக் கட்டியெழுப்பும் அடைப்புக்கு 1,000 முதல் 1,500, பல் மிகக் குறைவாக மிஞ்சியிருந்தால் வேருக்குள் வைக்கும் ஃபைபர் தண்டுக்கு 1,500 முதல் 2,500, பிறகு கேப். கேப் போடாமல் விட்ட கடைவாய்ப்பல் ஒரு நாள் வேர் வரை பிளந்துகொண்டால் செய்த வேலை அத்தனையும் போய், பல்லையும் பிடுங்க வேண்டியதாகிவிடும். எனவே தொகை கேட்கும்போது எக்ஸ்ரே முதல் கேப் ஒட்டுவது வரை மொத்தம் எவ்வளவு என்றே கேட்க வேண்டும். எழுதியும் தரச் சொல்ல வேண்டும். அத்தாளில் 46, 36, 11 என்று எண் இருந்தால் குழம்ப வேண்டாம். 46 என்பது வலது கீழ் முதல் கடைவாய்ப்பல், 36 என்பது இடது கீழ் அதே பல், 11 என்பது வலது மேல் முன்பல்.

கேப் வகைகளில்தான் பேரம் அதிகம் நடக்கிறது. முழு உலோகக் கேப் 1,500 முதல் 2,500 ரூபாய். பார்க்க அழகில்லை, ஆனால் பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும், எளிதில் உடையாது. உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது 3,000 முதல் 5,000 வரை. நாளடைவில் பீங்கான் சில்லு விடுவதும், ஈறோரம் கருங்கோடு தெரிவதும் உண்டு. சிர்கோனியா 7,000 முதல் 14,000 வரை. உறுதியும் நிறமும் சேர்ந்திருப்பதால் இப்போது பெரும்பாலானோர் இதையே பரிந்துரைக்கிறார்கள். சிர்கோனியாவுக்குள்ளும் ஐந்து, பத்து, பதினைந்து ஆண்டு உத்தரவாத அட்டைகளைக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள். அந்த உத்தரவாதம் கேப்புக்கு மட்டுமே. அடியில் உள்ள பல்லில் சொத்தை விழுந்தால் அட்டை உதவாது. பின்பக்கப் பல்லுக்கு ஐந்தாண்டு அட்டையே போதும் என்பது எனது எண்ணம். கேப் ஈறோரத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்பதில் காட்டும் கவனம் எந்த அட்டையையும்விட முக்கியம்.

இவ்வளவு செலவா, பிடுங்கிவிடலாமே என்று வீட்டிலுள்ள பெரியவர்கள் சொல்வார்கள். பிடுங்குவதற்கு 500 முதல் 1,500 ரூபாய்தான். ஆனால் காப்பாற்றும் செலவைப் பிடுங்கும் செலவோடு ஒப்பிடுவது கணக்கில் பிழை; பிடுங்கிய இடத்தை நிரப்பும் செலவோடு ஒப்பிட வேண்டும். இடத்தைக் காலியாக விட்டால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் நீளும். கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட் 1,500 ரூபாயிலிருந்து கிடைக்கும், மெல்லுவதற்கு அவ்வளவாக உதவாது. இருபுறப் பற்களையும் தேய்த்துப் பாலம் போல் கட்டினால் மூன்று கேப்களின் விலை: பீங்கான் பூசியதில் 12,000, சிர்கோனியாவில் 27,000 அளவில். எலும்பில் டைட்டானியம் திருகு பதித்துக் கட்டும் இம்பிளான்ட் 25,000 முதல் 45,000. எலும்பு திருகைப் பற்றிக்கொள்ளச் சில மாதங்கள் காத்திருக்கவும் வேண்டும். ஸ்வீடனின் பிரானெமார்க் என்ற மருத்துவர் 1965இல் முதல் நோயாளிக்குப் பதித்ததிலிருந்து நன்கு சோதிக்கப்பட்ட முறைதான் அது. ஆயினும் சொந்த வேர் நிற்கும்போது அதற்குப் போவதை நான் ஏற்க மாட்டேன்.

சொந்த வேர் நிற்குமா என்பதற்கும் ஓர் அளவு உண்டு. ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உறுதியான பல் மிஞ்சியிருந்தால் கேப் நிலைக்கும். அதற்கும் குறைவென்றால் ஈறைச் சற்று இறக்கும் சிறு அறுவை செய்து பார்க்கலாம். உடைப்பு வேரின் நீளவாக்கில் இறங்கியிருந்தால் எதுவும் நிலைக்காது; அப்போது பிடுங்கச் சொல்பவரே நேர்மையான மருத்துவர்.

கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்குக் கல்லூரி மருத்துவமனைகள் நல்ல வழி. சென்னையில் 1953இல் தொடங்கிய அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும், சிதம்பரத்தில் முன்பு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்றிருந்த அரசுக் கல்லூரியும் உள்ளன. 2023இல் புதுக்கோட்டையிலும் அரசுக் கல்லூரி திறந்திருப்பது எங்கள் பகுதியினருக்குப் பெரிய வசதி. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் ஆசிரியர் மேற்பார்வையில் வெளிக் கட்டணத்தைவிட மிகக் குறைவாகச் செய்கிறார்கள். காத்திருக்கும் நேரமும் போய்வரும் முறைகளும் கூடும், தினக்கூலிக்குப் போகிறவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவக் காப்பீட்டை நம்புவதில் பயனில்லை. விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் ஒழிய, பெரும்பாலான பாலிசிகள் பல் சிகிச்சையை ஒதுக்கிவிடுகின்றன. இ.எஸ்.ஐ. உள்ளவர்கள் முதலில் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மருத்துவரைப் பார்க்கும் வரை அந்தப் பக்கம் மெல்லாமல் இருப்பதும், வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிப்பதும் போதும். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் வைத்தால் ஈறு வெந்துவிடும். உடைந்த துண்டை ஃபெவிக்விக் போட்டு ஒட்டும் துணிச்சல்காரர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அதைச் சுரண்டி எடுக்கும் வேலைக்கும் மருத்துவர் கட்டணம் வாங்குவார்.

நான் நரம்பைத் தொட வேண்டாம் என்றவரிடமே செய்துகொண்டேன். எக்ஸ்ரேக்கு 200, பழைய அடைப்பை நீக்கிப் புதிதாகக் கட்டியெழுப்ப 1,500, ஐந்தாண்டு அட்டையுள்ள சிர்கோனியா கேப்புக்கு 9,000, ஆக 10,700 ரூபாய். உயிருள்ள பல்லைக் கேப்புக்காகத் தேய்க்கும்போது, பின்னாளில் நரம்பு கெட்டு வேர் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு ஓரளவு உண்டு என்பதையும் அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அப்படி நேர்ந்தால் கேப்பைக் கழற்றாமல் அதன் மேலேயே சிறு துளையிட்டுச் செய்து, துளையைக் காம்போசிட்டால் அடைத்துவிடலாம்; அன்றைய செலவு தனி. இதுவரை குளிர்ந்த நீருக்கு அந்தப் பல் மற்ற பற்களைப் போலவே இருக்கிறது.