மணமும் இல்லை, சுவையும் இல்லை

கட்டடப் பராமரிப்பு வேலைக்கு வந்த முதல் பத்து ஆண்டுகளில் எத்தனை சுவர்களில் துளையிட்டேன், எத்தனை மேற்கூரைப் பலகைகளைத் தூக்கிப் பார்த்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை. கேபிள் இழுக்க வேண்டும், ஒழுகும் குழாயைப் பிரிக்க வேண்டும், விளக்கை மாற்ற வேண்டும். எல்லாம் பத்து நிமிட வேலை. தூசி விழும், தோளைத் தட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போவோம். கல்நார் என்றால் கூரையில் போடும் சாம்பல் நிற ஆஸ்பெஸ்டாஸ் தகடு என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது.

கல்நார் பற்றி முதல் பயிற்சி என்று பெயருக்கு ஒன்று நடந்தது. அரை மணி நேர வீடியோ, கடைசியில் ஒரு கையெழுத்து. அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை. உண்மையான பயிற்சி அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது. நடத்தியவர் கல்நார் அகற்றும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜன்னல்களை மூடி, விளக்குகளை அணைத்து, சக்தி வாய்ந்த ஒரு டார்ச்சை மேசையின் ஓரத்தில் வைத்தார். எங்களில் ஒருவரின் வேலைச் சட்டையை வாங்கி அந்த ஒளிக்கற்றையில் ஒரே ஒரு முறை உதறினார். வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த அந்த அறையின் காற்று முழுவதும் துகள்கள் மிதந்தன. ஐந்து நிமிடம் ஆகியும் அவை கீழே இறங்கவில்லை. “இது வெறும் தூசி. கல்நார் இழை இதைவிட மெல்லியது, மணிக்கணக்கில் மிதக்கும்” என்றார். நான் என்னையறியாமல் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

கல்நாரின் கொடுமையே அது உடலுக்கு எந்த எச்சரிக்கையும் கொடுக்காததுதான். மின்சாரம் உதறும், அமிலம் எரியும், எரிவாயுவுக்கு நாற்றம் சேர்த்திருப்பார்கள். கல்நாருக்கு மணமில்லை, சுவையில்லை, உள்ளே போகும்போது இருமல்கூட வராது. மற்றப் பொருள்கள் உடைந்தால் துண்டாகும். இது நீளவாக்கில் பிரிந்து பிரிந்து மேலும் மேலும் மெல்லிய இழைகளாகும். நுரையீரலின் அடியாழம் வரை போய்த் தங்கிவிட்ட இழைகளை உடலால் கரைக்க முடிவதில்லை. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோய் வெளிப்பட, பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள் ஆகின்றன. இளைஞனாகத் துளையிட்டவன் ஓய்வு பெற்ற பிறகு நோயாளியாகிறான். வெள்ளை, பழுப்பு, நீலம் என எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோயை உண்டாக்கும். வெள்ளை மட்டும் பரவாயில்லை என்று எங்களுக்குள் உலவிய பேச்சு பொய்.

கல்நார் ஒளிந்திருக்கும் இடங்களைப் பயிற்சி நடத்தியவர் சொல்லச் சொல்ல, நான் கை வைத்த இடங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கொதிகலன் அறைக் குழாய்களின் மேலுறை, பழைய தரை ஓடு, அதன் அடியில் இருக்கும் கறுப்புப் பசை, தீத்தடுப்புக் கதவின் உட்பகுதி, குழாய் இணைப்பில் வைக்கும் கேஸ்கெட். கண்ணால் பார்த்து உறுதி செய்ய முடியாது. ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும். அப்படியே விட்டால் பெரும்பாலும் தீங்கு செய்யாமல் கிடக்கும் பொருளை, அறுத்தும் துளையிட்டும் காற்றில் கலக்கவிடுவது பராமரிப்பு ஆளின் கைதான்.

அன்று மதியம் முகமூடிச் சோதனை. தலைக்கு மேல் ஓர் உறையை மாட்டி, உள்ளே கசப்பான திரவத்தைப் பனிபோலத் தெளிப்பார்கள். முகமூடி சரியாகப் பொருந்தியிருந்தால் கசப்பு தெரியாது. எங்கள் மூத்த பிளம்பர் அண்ணன் தாடி வைத்திருப்பவர். இறுக்கமாகத்தான் கட்டியிருந்தார். மூன்றாவது தெளிப்பிலேயே முகம் கோணியது. “கசக்கிறதப்பா” என்றார், குரல் இறங்கி. தாடி முகமூடியை முகத்தோடு ஒட்டவிடவில்லை. இத்தனை ஆண்டுகளாக அவர் சாதாரணத் துணி முகமூடியை நம்பி வேலை செய்தவர். மறுநாள் தாடியை மழித்துவிட்டு வந்து நின்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு ஆறாமல் இருப்பது துணி விஷயம். 1965-இல் லண்டனில் வெளியான ஆய்வு ஒன்றில், கல்நார்த் தொழிலாளர்களின் உடைகளைத் துவைத்த வீட்டுப் பெண்களுக்கும் மீசோதீலியோமா வந்திருந்தது பதிவாகியிருக்கிறது. அவர்கள் தொழிற்சாலை வாசலை மிதித்தவர்கள் இல்லை. வேலை உடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1986-ஆம் ஆண்டு கல்நார் உடன்படிக்கை சொல்கிறது. நாங்கள் எல்லோரும் அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கியவர்கள்.

இப்போது புதிதாக வருபவர்களுக்கு நான்தான் பயிற்சி கொடுக்கிறேன். நோயுற்ற நுரையீரலின் படத்தைக் காட்டிப் பயமுறுத்துவதில்லை. அந்தப் பயம் ஒரு வாரம்கூடத் தாங்காது. டார்ச்சை ஏற்றுகிறேன், கசப்பைத் தெளிக்கிறேன். உலர்ந்த தூசியைத் துடைப்பத்தால் பெருக்காதே, சாதாரண வாக்கும் கிளீனரைப் போடாதே, அது இழைகளை மறுபக்கம் ஊதிவிடும் என்கிறேன். கல்நாரை அகற்றுவது அதற்கென உரிமமும் கருவியும் உள்ளவர்களின் வேலை; நம் வேலை சந்தேகம் வந்ததும் கருவியைக் கீழே வைப்பது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

சென்ற மாதம் ஓர் இளைஞன் ஏணியில் நின்றபடி போன் செய்தான். “அண்ணே, மேற்கூரைக்கு மேலே குழாயில் வெள்ளையாக ஏதோ சுற்றியிருக்கிறது, ஓரம் பிய்ந்திருக்கிறது. கல்நார்ப் பதிவேட்டில் இந்த அறையே இல்லை. நான் தொடவில்லை.” கட்டடத்தில் எங்கெங்கே கல்நார் இருக்கிறது, எங்கே இல்லை என்று எழுதிவைக்கும் ஏடுதான் அந்தப் பதிவேடு. இறங்கி வரச் சொல்லிவிட்டு அறையைப் பூட்ட வைத்தேன். அறைக்கு உரியவர்கள் இரண்டு நாள் வேலை கெட்டது என்று என்னிடம் கோபப்பட்டார்கள். மூன்றாம் நாள் ஆய்வக முடிவு வந்தது: வெறும் கண்ணாடி இழை. அவன் முகம் வாடிவிட்டது, வீணாக வேலையை நிறுத்திவிட்டோமே என்று. பதிவேட்டை எடுத்து வரச் சொல்லி, அந்த அறையின் எண்ணையும் முடிவையும் அவன் கையாலேயே எழுத வைத்து, கீழே அவன் பெயரையும் போடச் சொன்னேன்.