மறைக்காட்டிலிருந்து கோடிக்குழகர் கோயில் வரை

காவிரி தன் கிளைகளை விரித்துக் கடல் சேரும் சமவெளியின் தென்கிழக்கு மூலையில், நெல்வயல்கள் குறைந்து மணல்மேடுகள் தொடங்குமிடத்தில் வேதாரண்யம் இருக்கிறது. கிழக்கே வங்கக் கடல், தெற்கே பாக்கு நீரிணை, மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளை நோக்கி நீளும் சதுப்பு நிலம் என மூன்று புறமும் நீர் வளைத்த இந்த நகராட்சிப் பகுதி, வரைபடத்தில் நிலத்தோடு ஒட்டியிருந்தாலும் வாழ்க்கையில் ஒரு தீவாகவே இருந்து வந்திருக்கிறது. ஆற்றுப் பாசனம் நிறைவாக எட்டாத மண் இது. குடிநீரும் கொள்ளிடத்திலிருந்து குழாய் வழியே வருகிறது. மாவும் தென்னையும் முல்லைக் கொல்லைகளும்தான் இங்கே குடும்பங்களைக் காப்பாற்றுகின்றன. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியன்பள்ளி செல்லும் ரயில், பாதை அகலமாக்கப்பட்ட பின் 2023-இல் மீண்டும் ஓடத் தொடங்கியதால், தை மாதக் கடைசியில் நானும் என் அம்மாவும் அதிலேயே சென்றோம்.

திருமறைக்காடு என்று தேவாரம் பாடும் தலம் இதுவே. வேதங்கள் பூசித்துத் திருக்காப்பிட்டுச் சென்ற நேர்வாயில் திறக்கப்படாமலே கிடந்தது என்றும், மக்கள் பக்கத்தில் வேறொரு வழி அமைத்துக்கொண்டு உள்ளே சென்று வணங்கி வந்தனர் என்றும் சொல்லப்படுகிறது. அங்கு வந்த சம்பந்தர், கதவு திறக்கப் பாடுமாறு அப்பரை வேண்டினார். பத்துப் பாடல் பாடியும் தாழ் விலகவில்லை. பதினோராம் பாடலில் "இரக்கம் ஒன்றிலீர்" என்று அந்த முதியவர் முறையிட்ட பிறகே கதவு திறந்தது. பின்னர் அதை அடைக்கச் சம்பந்தருக்கு ஒரு பாடலே போதுமாக இருந்தது. இந்த வேறுபாட்டை எண்ணி அப்பர் மனம் வருந்தினார் என்பதைப் பலர் விரித்துச் சொல்வர். எனக்கோ, ஊரார் அனைவரும் சுவாமியை நேர் நின்று காண வேண்டும் என்பதற்காக அவர் பதினொரு முறை மன்றாடினாரே, அதுவே பெரிதாகப் படுகிறது. அந்த வாயிலின் முன் அம்மா வெகுநேரம் நகரவில்லை.

கருவறையில் லிங்கத்தின் பின்னே அம்மையப்பரின் மணக்கோலம் உண்டு. அகத்தியருக்கு அருளிய காட்சி அது. தியாகராசர் எழுந்தருளிய ஏழு விடங்கத் தலங்களுள் ஒன்றான இங்கே புவனி விடங்கர் அன்ன நடனம் ஆடுகிறார். அம்பிகையின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அந்தக் குரலுக்கு முன் தன் வீணையை வைத்துவிட்ட கலைமகள், கையில் சுவடியோடு மட்டும் வீற்றிருக்கிறாள். 'வேதாரண்யம் விளக்கழகு' என்று டெல்டா முழுவதும் சொல்வார்கள். அணையவிருந்த விளக்கின் திரியை அறியாமல் தூண்டிவிட்ட எலி, மறுபிறவியில் மகாபலியாகப் பிறந்த கதையும் இந்த விளக்குகளுடையதே.

ஊருக்குத் தெற்கே அகத்தியன்பள்ளி. அதுவும் பாடல் பெற்ற தலம். இங்குதான் 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு அள்ளிச் சட்டத்தை மீறினார். ஏப்ரல் 13 அன்று திருச்சியில் புறப்பட்ட தொண்டர்கள் டெல்டாவின் ஊர்கள் வழியே நடந்து, 28-ஆம் நாள் வேதாரண்யம் வந்து சேர்ந்தனர். அவர்களுக்குத் துணை நின்ற சர்தார் வேதரத்தினம் பிள்ளை 1946-இல் தொடங்கிய கஸ்தூரிபா காந்தி கன்னியா குருகுலம் இன்றும் பெண் குழந்தைகளைப் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறது. நினைவுத்தூணின் முன் கோயிலில் நிற்பது போலவே கைகூப்பி நிற்கத் தோன்றியது.

அதற்கப்பால் சாலையின் இருபுறமும் உப்பளம். தமிழ்நாட்டில் தூத்துக்குடிக்கு அடுத்து மிகுதியாக உப்பு விளைவது இங்கேதான். நாங்கள் சென்றபோது சில பாத்திகளில் ஆட்கள் வரிசையாக நின்று மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தனர்; வேறு சிலவற்றில் முதல் உப்பு வெளுத்திருந்தது. வரப்பில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் அம்மா பேச்சுக் கொடுத்தார். "மழை வராத வரைக்கும்தாங்க்கா எங்களுக்குச் சோறு. ஐப்பசி பொறந்தா உப்ப மூடி வச்சுட்டு வேற வேலை தேடணும்" என்றார் அவர். டெல்டாவின் பிற ஊர்கள் மழைக்காக வேண்டிக்கொள்ளும் மாதத்தில் இவர்கள் வேலை இழக்கிறார்கள் என்பதை, அதே டெல்டாவில் பிறந்த நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

உப்பளம் முடிந்ததும் கோடியக்காடு. அங்கே குழகர் கோயில். சேரமான் பெருமாளோடு மறைக்காட்டை வணங்கிவிட்டு இங்கு வந்த சுந்தரர், கடற்காற்று வேகமாக மோதும் கரையில், அயலில் குடியிருப்பே இல்லாமல் இறைவன் தனித்திருப்பதைக் கண்டு, "அடிகேள் உமக்கு ஆர் துணையாக இருந்தீரே" என்று உருகினார். அதைக் கண்ட தன்னையே 'கொடியேன்' என்று நொந்துகொண்டார். பக்தன் தனக்காக எதையும் கேளாமல், இறைவனின் தனிமைக்காகக் கலங்கிய பதிகம் இது. சன்னதியில் நாங்கள் இருவரும் அர்ச்சகரும் மட்டுமே இருந்தோம். அவர் மெல்லிய குரலில் அந்தப் பாட்டைச் சொல்லித் தீபம் காட்டியபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை கடந்தது இந்தக் கடலோரத்தில்தான். தென்னையும் மாவும் வேரோடு சாய்ந்தன. காடும் பெருஞ்சேதம் அடைந்தது. எனினும் பாலை மரங்களுக்கிடையே வெளிமான்கள் மேய்கின்றன. மறைக்காட்டைப் பாடும்போது சுந்தரர் குறித்த குரங்குகள் சாலையோரத்தில் அமர்ந்திருக்கின்றன. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2002 முதல் உள்ள இந்தச் சதுப்பு நிலத்துக்கு, பனிக்காலத்தில் பூநாரைகளும் தொலைதூர நாடுகளின் கரைப்பறவைகளும் வருகின்றன. காட்டுக்குள் ஒரு மேட்டில் ராமர் பாதம் உள்ளது. ராமபிரான் அங்கு நின்று இலங்கையை நோக்கினார் என்பது நம்பிக்கை.

சாலை கோடியக்கரைக் கடலில் முடிகிறது. ஆதிசேது எனப்படும் இந்தத் துறையில் ஆடி, தை அமாவாசைகளில் பெருங்கூட்டம் நீராடும். மற்ற நாள்களில் மீனவர்களே இருப்பர். ஐப்பசி முதல் பங்குனி வரை வெளியூர்ப் படகுகளும் வந்து தங்கி மீன்பிடிக்கும் கரை இது. அமாவாசை கழிந்து சென்றதால் அம்மாவால் அமைதியாக நீராட முடிந்தது. மறைக்காட்டில் கதவு திறந்து அடைக்கும் ஐதீகம் மாசித் திருவிழாவில் நடைபெறும். அப்போது பறவைகளும் முற்றிலும் தம் நாடு திரும்பியிருக்காது, உப்பு வாருதலும் மும்முரமாக இருக்கும் என்பதால், அடுத்த மாசியில் சித்தியையும் அழைத்துக்கொண்டு வருவதென்று அங்கேயே முடிவு செய்தோம்.