வெயிலும் எம்.எஸ். சோர்வும்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்ற நரம்பு நோய் இருப்பவர்களிடம் ‘நல்லா தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று சொல்லாதீர்கள். தூங்கி எழுந்த பிறகும் அந்தச் சோர்வு இருக்கும். நரம்பைச் சுற்றிய மயலின் உறை சிதைந்திருப்பதால், உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே நரம்பு வேலை தடுமாறலாம். 1890-லேயே ஊட்ஹாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைப் போன்ற பார்வை மங்கலைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அக்னி நட்சத்திரத்தில் எனக்குக் கண் மங்கும், கால் கனக்கும். அதனால் சமையலை விடியற்காலையிலேயே முடித்துவிடுகிறேன். காய் நறுக்குவது உட்கார்ந்துதான். குளியல் பச்சைத்தண்ணீரில், அப்புறம் கழுத்தில் ஈரத்துண்டு. மதியம் நான் படுத்துவிட்டால் அம்மா யாரையும் அறைப்பக்கம் விடமாட்டார். அந்தப் படுக்கை இருந்தால்தான் மாலையில் மகளோடு உட்கார்ந்து பேச முடிகிறது.

சொந்தக்காரர்களே, மதிய விருந்துக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அதிகாலை முகூர்த்தம் என்றால் கட்டாயம் வருகிறேன்.