அளவு மாறினால் நிறம் மாறும்: நனோக் குறைகடத்திகளும் எங்கள் கரையோர மணலும்

பழுதாகிப்போன ஓர் எல்.ஈ.டி. குமிழின் வெண்ணிற மூடியைக் கழற்றிப் பார்த்தால், உள்ளே ஓர் அலுமினியத் தட்டின் மேல் மஞ்சள் நிறச் சதுரங்கள் வட்டமாகப் பதிக்கப்பட்டிருப்பது தெரியும். உயர்தர வகுப்பில் குறைகடத்திப் பாடத்தைத் தொடங்கும்போது இந்தத் தட்டைத்தான் நான் முதலில் மாணவர் கையில் கொடுப்பது வழக்கம். வெள்ளை ஒளி தந்த குமிழுக்குள் வெள்ளையாக எதுவுமே இல்லையே என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். அந்த மஞ்சள், மேலே பூசப்பட்ட ஒளிர்பொருள். அதற்கு அடியில் இருக்கும் சில்லு நீல ஒளியை வெளிவிடுகிறது. அதில் ஒரு பகுதியை ஒளிர்பொருள் உறிஞ்சி மஞ்சளாக்கிவிட, மீதி நீலமும் அந்த மஞ்சளும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகின்றன. நீலம் பிறக்கின்ற படலத்தின் தடிப்பு 2 அல்லது 3 நனோமீற்றர் மட்டுமே. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறுதான் ஒரு நனோமீற்றர்.

நனோப் பொருள்கள் பற்றித் தமிழில் வருகின்ற கட்டுரைகள் பெரும்பாலும் அவற்றை அதிசயங்களாகவே சொல்லிச் செல்கின்றன. அவற்றைச் செய்வதற்குப் பட்ட பாட்டைப் பற்றிய பேச்சு அவற்றில் குறைவு. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் உண்மையான கண்டுபிடிப்புகள் செய்முறையில்தான் இருக்கின்றன. என்ன நடக்கும் என்பது கோட்பாட்டளவில் முன்பே தெரிந்திருந்தது. அதை நடக்க வைப்பதற்குத்தான் பல பதிற்றாண்டுகள் பிடித்தன.

கோட்பாடு சுருக்கமானது. உலோகத்தைவிடக் குறைவாகவும் காவலியைவிடக் கூடுதலாகவும் மின்னைக் கடத்தும் பொருளே குறைகடத்தி. அதில் இலத்திரன்கள் நிரம்பிய சக்திப் பட்டைக்கும் வெறுமையாக உள்ள பட்டைக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. மேலே ஏறிய இலத்திரன் மீண்டும் கீழே இறங்கும்போது, அந்த இடைவெளியின் அளவுக்கேற்ற நிறத்தில் ஒளி வெளிவருகிறது. கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு துண்டில் இந்த இடைவெளி பொருளைப் பொறுத்தது; துண்டு பெரிதா சிறிதா என்பதை அது கவனிப்பதில்லை. ஆனால் துண்டைச் சில நனோமீற்றர் வரை சிறுக்க வைத்தால், இலத்திரனின் அலை பரவுவதற்கு இடம் போதாமல் நெருக்கப்பட்டு, அதன் சக்தி உயர்ந்து, இடைவெளி அகன்றுவிடுகிறது. ஆகவே கட்மியம் செலனைட்டு என்ற ஒரே சேர்வை, ஏறத்தாழ 6 நனோமீற்றர் விட்டத்தில் சிவப்பாகவும் 2 நனோமீற்றரை அண்மித்த விட்டத்தில் நீலமாகவும் ஒளிர்கிறது. சேர்வையில் ஓர் அணுவையும் மாற்றாமல் நிறத்தை மட்டும் மாற்ற முடிகிறது. இத்தகைய துணிக்கைகளைத்தான் குவாண்டம் புள்ளிகள் என்கிறோம்.

இதனை முதலில் கண்ணெதிரே காட்டியவர் அன்றைய சோவியத் ஒன்றியத்தில் பணியாற்றிய அலெக்சி எகிமோவ். நிறக் கண்ணாடிகளை ஆராய்ந்த அவர், செப்புக் குளோரைட்டுச் சேர்த்த கண்ணாடியை 500 முதல் 700 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில், 1 மணித்தியாலம் தொடக்கம் 96 மணித்தியாலம் வரை வைத்து எடுத்தார். உள்ளே விளைந்த பளிங்குகள் ஏறத்தாழ 2 நனோமீற்றரிலிருந்து 30 நனோமீற்றர் வரை பல அளவுகளில் இருந்தன. சிறியவை நீலத்தை நோக்கிய ஒளியை உறிஞ்சின. அந்த முடிவு 1981 இல் வெளிவந்தது. அவர் செய்ததை அறியாமலேயே, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இலூயிசு புரூசு, திரவத்தில் மிதக்கும் கட்மியம் சல்பைட்டுத் துணிக்கைகளில் அதே விளைவை 1983 இல் கண்டார். மேசையில் விட்டுச் சென்ற கரைசல் மறுநாள் வேறு விதமாக ஒளியை உறிஞ்சியதை அவர் கவனித்தார். துணிக்கைகள் இதற்கிடையில் பருத்திருந்தன.

இவ்வளவும் தெரிந்த பின்னரும் பத்து ஆண்டுகளுக்கு இதனைக் கொண்டு எதுவும் செய்ய முடியவில்லை. ஒரு போத்தலில் உள்ள துணிக்கைகள் பல அளவுகளில் இருந்தால், பல நிறங்கள் கலந்து மங்கலான ஒளியே கிடைக்கும். 1993 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. தொழில்நுட்ப நிறுவனத்தில் மவுஞ்சி பாவெண்டியும் அவருடைய மாணவர்களும் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள். கொதிக்கக் கொதிக்க இருந்த ஓர் எண்ணெய்த் தன்மையான கரைப்பானுக்குள் மூலப்பொருள்களை ஒரே வீச்சில் செலுத்தினார்கள். கரைசல் திடீரென அளவுக்கு மீறிச் செறிவாகி, எண்ணற்ற வித்துப் பளிங்குகள் ஒரே கணத்தில் தோன்றின. குளிர்ந்த திரவம் உள்ளே போனதால் வெப்பநிலை சட்டென இறங்க, புதிய வித்துகள் தோன்றுவது அதோடு நின்றது. பிறகு மெல்ல மெல்லச் சூடாக்கியபோது, தோன்றியவை எல்லாம் ஒன்றாகவே வளர்ந்தன. காலபோகத்தில் ஒரே நாளில் விதைத்த வயல் ஒரே மட்டத்தில் கதிர் தள்ளுவது போன்றதுதான் இது. நாலு தவணையில் விதைத்த வயலை ஒரே நாளில் வெட்ட முடியாது. வேண்டிய அளவு வந்ததும் சூட்டை நிறுத்தினால் வேண்டிய நிறம் கையில். எகிமோவ், புரூசு, பாவெண்டி ஆகிய மூவருக்கும் 2023 ஆம் ஆண்டின் இரசாயனவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. என் கணக்கில் அந்த மூன்று பங்குகளில் பாவெண்டியின் பங்கே மற்ற இரண்டையும் வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது, மேற்பரப்பு. இவ்வளவு சிறிய துணிக்கையில் அணுக்களின் கணிசமான பங்கு வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. அங்கே பிணைப்புக் கிடைக்காமல் நிற்கும் அணுக்கள் இலத்திரனைப் பிடித்துக்கொள்வதால், ஒளியாக வரவேண்டிய சக்தி வெப்பமாக வீணாகிறது. 1996 இல் கட்மியம் செலனைட்டின் மேல் நாக (துத்தநாக) சல்பைட்டால் ஓர் ஓடு கட்டப்பட்டபோது ஒளிர்வு பல மடங்கு கூடியது. 2013 இல் சோனி நிறுவனத்தின் தொலைக்காட்சிகளில் இந்தப் புள்ளிகள் இடம்பிடித்தன.

ஆனால் கட்மியம் நச்சு உலோகம். வட இலங்கையில், எங்கள் வன்னியில், இந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் கேட்கின்ற பெயர். பசளையைப் பற்றியும் சிறுநீரக நோயைப் பற்றியும் விவசாயிகள் கூடிப் பேசுகின்ற இடங்களில் அது அடிபடாமல் இருப்பதில்லை. ஆகவே ஐரோப்பிய ஒன்றியம் மின்சாதனப் பொருள்களில் கட்மியத்தை எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் அனுமதிக்காதது சரியான முடிவு என்றே சொல்வேன். 2015 இல் சாம்சங் நிறுவனம் கட்மியம் இல்லாத புள்ளிகளுடன் தொலைக்காட்சிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. கட்மியச் சேர்வைக்குப் பதிலாக, இந்தியம் என்ற உலோகத்தின் சேர்வையான இந்தியம் பொசுபைட்டைக் கொண்டு அதே தூய்மையான நிறத்தைப் பெறுவது கடினமாக இருந்தபோதிலும், சட்டம் நெருக்கியதால் அந்த வேதியியல் வளர்ந்தது.

நீலச் சில்லின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. சிவப்பு ஒளிகாலும் இருவாயி (எல்.ஈ.டி.) 1962 இலேயே வந்துவிட்டது. நீலத்துக்கு மேலும் மூன்று பதிற்றாண்டுகள் வேண்டியிருந்தன. அதற்கு ஏற்ற பொருளான கலியம் நைத்திரைட்டு, பிளவும் வெடிப்பும் இல்லாமல் வளர மறுத்தது. 1986 இல் நகோயாப் பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாகியும் அவருடைய மாணவர் இரோசி அமானோவும், முதலில் அலுமினியம் நைத்திரைட்டுப் படலம் ஒன்றை இட்டு அதன் மேல் நல்ல பளிங்கை வளர்த்தெடுத்தார்கள். சூசி நகமுராவோ, சிக்கோக்குத் தீவின் தொக்குசிமா மாவட்டத்தில், ஒளிர்பொருள் தயாரித்து வந்த நிச்சியா என்ற நிறுவனத்தில் வேலை செய்தவர். தலைநகரத்துப் பெரிய பல்கலைக்கழகம் எதிலும் அவர் படித்திருக்கவில்லை. அந்நாளில் கலாநிதிப் பட்டமும் இல்லை. வாயுவை இரு திசைகளிலிருந்து செலுத்தும் உலையைத் தானே வடிவமைத்து, மகனீசியம் சேர்த்த படலத்தில் ஐதரசன் புகுந்து கெடுப்பதைக் கண்டறிந்து, வெறும் வெப்பத்தாலேயே அதை வெளியேற்றி, 1993 இல் பிரகாசமான நீல ஒளியைத் தந்தார். மூவருக்கும் 2014 இல் பௌதிகவியல் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, மின் வலையமைப்பு எட்டாத 150 கோடிக்கும் மேற்பட்ட மக்களுக்கு இந்த விளக்கு உதவும் என்று பரிசுக் குழு குறிப்பிட்டது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் பொட்டு வெளிச்சத்தில் படித்த எங்கள் தலைமுறைக்கு அந்த வசனத்தின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. இன்று யானைக் காவலுக்குப் போகிறவர் தலையில் கட்டிக்கொள்ளும் விளக்கிலும் அதே சில்லுதான் இருக்கிறது.

சில்லுகளுக்குள் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் திரான்சிற்றர்களைப் பற்றியும் ஒரு சொல். கைத்தொலைபேசிச் சில்லுகளுக்குச் சொல்லப்படும் ‘3 நனோமீற்றர்’ என்பது ஒரு தலைமுறையின் பெயர். உள்ளே அந்த அளவுள்ள பாகம் இருக்கவேண்டும் என்பதில்லை. இதை மாணவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இனி எங்கள் கரைக்கு வருகிறேன். இலங்கையின் வடகிழக்கில் கொக்கிளாய் தொடக்கம் புல்மோட்டை வரையான கடற்கரையில் கறுத்து மினுங்கும் கனிய மணலில் பெரும்பங்கு இல்மனைட். அது இரும்பும் தைத்தானியமும் கலந்த ஒட்சைட்டு. பலமான காந்தம் ஒன்றைக் கிட்டக் கொண்டுபோனால் கறுப்பு மணிகள் எழுந்து ஒட்டிக்கொள்ள, வெள்ளை மணல் கீழே தங்கிவிடும். இதிலிருந்து பெறக்கூடிய தைத்தானியம் ஈரொட்சைட்டு ஒரு குறைகடத்தி. அதன் சக்தி இடைவெளி அகலமானது (ஏறத்தாழ 3.2 இலத்திரன்வோற்று) என்பதால், வெயிலில் ஊதாகடந்த கதிரை மட்டுமே அது உறிஞ்சும். 1991 இல் பிரயன் ஓரீகனும் மைக்கல் கிரெட்சலும் அதன் நனோத் துணிக்கைகளைப் படலமாக்கி, மேலே சாயம் ஏற்றி, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் பிடித்தார்கள். நுண்துளைகள் நிறைந்த அந்தப் படலத்தின் உள்மேற்பரப்பு, தட்டின் பரப்பைவிடப் பல நூறு மடங்கு பெரிது. அதனாலேயே மெல்லிய சாயப் படை போதுமானதாயிற்று. இப்படிச் செய்த சூரியக் கலம் வெயிலின் சக்தியில் 7 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாக மின்சக்தியாக்கியது.

அந்தக் கலத்துக்குள் மின்னைக் கடத்துவதற்கு இட்டிருந்த திரவம் எங்கள் வெயிலுக்கு ஆகாது, ஆவியாகும், கசியும். அதற்குப் பதிலாகச் செப்பு அயடைட்டு என்ற திண்மத்தை இட்டுக் கலம் செய்யும் வழியைக் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவனத்தில் கிரித்தி தென்னக்கோன் குழுவினர் 1990களில் காட்டினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் தைத்தானியம் ஈரொட்சைட்டுடன் பல்பகுதியங்களை (பொலிமர்களை) சேர்க்கும் சூரியக் கலங்கள் ஆராயப்படுகின்றன. அப்பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. அங்கிருந்து கொக்கிளாய்க் கரை ஒரு பகல் பயணம்கூட இல்லை.

மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகிறது. அதை இங்கேயே பதப்படுத்தலாம் என்று சொல்கிறவர்கள் செய்முறையின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இல்மனைட்டைச் செறிந்த சல்பூரிக்கமிலத்தில் கரைத்துத் தைத்தானியத்தைப் பிரிக்கும் பழைய முறையில், இரும்புச் சல்பேற்றும் அமிலக் கழிவும் தொன் கணக்கில் மிஞ்சும். கரையில் வீச்சுவலைக்காரரும் களப்பில் இறால் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள்; மணல் அகழ்வுக்கு எதிராக அவர்கள் வீதிக்கு வந்தது இந்தக் கரையில்தான். அந்தக் கழிவு எங்கே போகும் என்று எழுத்தில் காட்டாத எந்தத் திட்டத்தையும், அது எவ்வளவு உயர்ந்த நனோத் தொழில்நுட்பமாக இருந்தாலும், நான் ஆதரிக்கமாட்டேன்.